முட்டைப் பெட்டியும் குழந்தைகள் மருத்துவமனையும்

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் புதிய கட்டிடத் திறப்பு விழா என்றால் எவர் உள்ளமும் மகிழும். நாடாவை வெட்டுபவர் யாராக இருப்பினும், மேடையில் பேசுபவர் யாராக இருப்பினும், அவ்விழாவின் உண்மையான தலைவர்கள் கட்டிலில் படுத்திருக்கும் சிறுவர் சிறுமியரே. இன்று பெருநகரங்கள் தோறும் இத்தகைய மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆகையால் அவை என்றென்றும் இருந்து வந்தவை போல நமக்குத் தோன்றுகின்றன. உண்மை வேறு. நோயுற்ற குழந்தைக்கென்றே தனியாக ஒரு பெரிய மருத்துவமனை ஐரோப்பாவில் தோன்றி இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. தோன்றிய பின்னரும் அதன் கதவு ஒரே நாளில் முழுவதும் திறந்துவிடவில்லை. முதலில் பிள்ளையை உள்ளே விட்டார்கள். பிள்ளையின் தாயை உள்ளே விட மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

அநாதைப் பிள்ளைகளைத் திருச்சபை கைவிட்டதில்லை என்பதை நாம் அறிவோம். பிளாரன்ஸ் நகரில் மாசற்ற குழந்தைகள் இல்லம் 1445ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. பாரிஸ் மாநகரின் தெருக்களில் வீசப்பட்ட சிசுக்களுக்காகப் புனித வின்சென்ட் தே பவுல் 1638இல் ஓர் இல்லம் தொடங்கினார். ஆயினும் அநாதை இல்லம் வேறு, மருத்துவமனை வேறு. தாய் தகப்பன் உள்ள ஏழைக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அதற்கு என்ன வழி? பெரியவர்களின் மருத்துவமனையே வழி. அதன் நிலையோ கேட்கத் தகாதது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸின் 'ஓத்தெல் தியூ' என்னும் பழம்பெரும் மருத்துவமனையில் ஒரே கட்டிலில் நான்கைந்து நோயாளிகள் தலையும் காலுமாகப் படுத்திருந்தனர். குழந்தைகளும் அப்படியே கிடத்தப்பட்டனர். ஒரு நோயோடு போன பிள்ளை மூன்று நோயோடு திரும்பும், அல்லது திரும்பாது.

இதைக் கண்டு, பிரெஞ்சுப் புரட்சி ஓய்ந்த பின், 1802ஆம் ஆண்டு பாரிஸில் 'நோயுற்ற குழந்தைகள் மருத்துவமனை' நிறுவப்பட்டது. அது எழுந்த இடத்தைக் கவனியுங்கள். அதே நகரின் புனித சுல்பீசு ஆலயப் பங்குத் தந்தை ஒருவர் முந்திய நூற்றாண்டில் அமைத்த 'குழந்தை இயேசு இல்லம்' இருந்த இடம் அது. புரட்சிக்காரர்கள் பெயரை மாற்றினார்கள். ஆனால் பங்குத் தந்தை எழுப்பிய சுவர்களுக்குள்ளேதான் குழந்தைகள் வந்து படுத்தார்கள். எனினும் அங்கும் சாவு அதிகம். தட்டம்மையும் தொண்டை அடைப்பானும் கட்டிலுக்குக் கட்டில் தாவின. பல குழந்தைகளை ஒரே கூரையின் கீழ் சேர்ப்பது தகுமா என்னும் ஐயம் அன்றே எழுந்துவிட்டது.

ஆங்கிலேயர் இந்த ஐயத்தைப் பற்றிக்கொண்டு ஐம்பது ஆண்டுகள் வாளாவிருந்தனர். 1843இல் இலண்டன் மருத்துவமனைகளில் எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ 2,400 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுள் பத்து வயதுக்குட்பட்டவர்கள் வெறும் 26 பேர். அந்நகரில் குழந்தைகளுக்கு நோய் இல்லை என்று இதற்குப் பொருளா? அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு இலண்டனில் இறந்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் பத்து வயது காணாதவர்கள். அவர்கள் வீட்டில் இறந்தார்கள், அவ்வளவே. பிள்ளைகள் தொற்றுநோய் கொண்டுவரும், அழுது மற்றவர் தூக்கத்தைக் கெடுக்கும், தனக்கு என்ன வலி என்று சொல்லத் தெரியாது, கவனிக்க ஆள் அதிகம் வேண்டும் என்று மருத்துவமனைகள் காரணம் கூறின. இவையெல்லாம் சாக்குப்போக்குகள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. விளக்கேந்திய சீமாட்டி எனப் போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை கூடாது என்றார். பெண்கள் வார்டில் பெரியவர்களுக்கு இடையே பிள்ளையைக் கிடத்தினால் பக்கத்துக் கட்டில் பெண் அதைத் தன் பிள்ளை போல் பார்த்துக்கொள்வாள் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தில் அடங்கியிருந்த ஓர் உண்மையை உலகம் பின்னால்தான் உணர்ந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

இந்த எதிர்ப்புகளுக்கு நடுவே நின்றவர் சார்லஸ் வெஸ்ட் என்னும் மருத்துவர். பிரான்சிலும் ஜெர்மனியிலும் பயின்றவர். பாரிஸ் மருத்துவமனையின் நிறைகுறைகளை நேரில் கண்டவர். முதலில் ஏழைக் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் ஒரு மருந்தகத்தில் பணியாற்றினார். அதையே படுக்கையுள்ள மருத்துவமனையாக மாற்ற முயன்று தோற்றார். ஆனால் சோர்ந்துவிடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினார், பிரபுக்களைக் கண்டார், குழு அமைத்தார். 1852ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், கிரேட் ஆர்மண்ட் தெருவின் 49ஆம் எண் வீட்டில், பத்துப் படுக்கைகளுடன் இலண்டனின் முதல் குழந்தைகள் மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த வீடு நூறாண்டுகளுக்கு முன் அரச மருத்துவராயிருந்த ரிச்சர்டு மீட் என்பவர் வாழ்ந்த மாளிகை. விருந்தினர் கூடி மகிழ்ந்த, சித்திர வேலைப்பாடு கொண்ட கூரையுடைய அறைகளில் சேரிப் பிள்ளைகளின் கட்டில்கள் போடப்பட்டன. முதல் நோயாளி மூன்றரை வயதுச் சிறுமி, காச நோயினள். அக்காலத்தில் அதற்கு மருந்து ஏது? சுத்தமான படுக்கை, பால், இறைச்சிச் சாறு, காற்றோட்டம், அன்புள்ள ஒரு தாதி என்னும் இவைதான் அந்த மருத்துவமனையின் கைமுதல். ஆகையால்தான் வெஸ்ட் தாதியரின் மேல் அத்தனை கருத்தாய் இருந்தார். நோயுற்ற குழந்தைகளைப் பேணுவது எப்படி என்று அவர்களுக்காகவே 1854இல் சிறு நூல் ஒன்றும் எழுதினார்.

படுக்கை போட்டாயிற்று, பணத்துக்கு எங்கே போவது? மக்கள் தரும் நன்கொடை ஒன்றே வருமானம். ஆறு ஆண்டுகளில் மருத்துவமனை தள்ளாடத் தொடங்கியது. அப்போது அதைத் தூக்கி நிறுத்தியவர் ஓர் எழுத்தாளர். சார்லஸ் டிக்கன்ஸ் என்ற பெயரைப் பள்ளிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். தந்தை கடனுக்காகச் சிறைப்பட, பன்னிரண்டாம் வயதில் மைக்கூடத்தில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிய கை அவருடையது. 1851இல் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றைப் பறிகொடுத்தவரும் கூட. மருத்துவமனை திறந்த உடனேயே தம் வார இதழில் அதைப் பற்றி எழுதச் செய்து ஊருக்கு அறிமுகம் செய்திருந்தார்.

பணம் திரட்ட விருந்து வைத்துச் சொற்பொழிவு செய்வது அந்நாளைய ஆங்கிலேயரின் வழக்கம். நம் பங்குத் திருவிழா ஏலம் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1858 பிப்ரவரி 9ஆம் நாள் நடந்த விருந்துக்கு டிக்கன்ஸ் தலைமை தாங்கினார். அன்று அவர் புள்ளிவிவரம் அடுக்கிக் கொண்டிருக்கவில்லை. தாம் கண்ட ஒரு காட்சியைச் சொன்னார். எடின்பரோ நகரின் பழைய குடியிருப்புகளில் ஒரு மருத்துவருடன் ஏழைகளின் வீடுகளைப் பார்த்து வந்தபோது, ஓர் இருண்ட அறையில் நோயுற்ற பச்சிளம் பிள்ளையைக் கண்டார். அது கிடந்தது தொட்டிலில் அன்று. கடையில் முட்டை வந்து இறங்கும் மரப்பெட்டி ஒன்றைத் தாய் கெஞ்சி வாங்கி வந்து அதில் கிடத்தியிருந்தாள். மெலிந்து ஒடுங்கிய அந்தப் பிள்ளை அழவும் இல்லை, முனகவும் இல்லை. தனக்கு ஏன் இந்த நிலை என்று கேட்பது போல விழித்துப் பார்த்தபடியே இருந்தது. அந்தப் பார்வை தம்மை விட்டு அகலவில்லை என்றார். கூடியிருந்த சீமான்கள் பைகளைத் திறந்தனர். அந்த ஒரே இரவில் 3,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. அன்றைய மதிப்பில் அது பெருந்தொகை. இரண்டு மாதம் கழித்து, தாம் எழுதிய கிறிஸ்துமஸ் கதையை மக்கள் முன் வாசித்துக் காட்டி மேலும் பணம் சேர்த்துக் கொடுத்தார். அடுத்த வீட்டை வாங்கினார்கள். 20 ஆக இருந்த படுக்கைகள் 75 ஆயின.

அடுத்தடுத்த இரண்டு வீடுகளை வார்டுகளாக்கி எத்தனை காலம் சமாளிப்பது? மருத்துவமனைக்கென்றே திட்டமிட்ட கட்டிடம் வேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டின் பின்புறத் தோட்டத்தில் 1872இல் வேல்ஸ் இளவரசி அலெக்சாந்திரா அடிக்கல் நாட்டினார். எட்வர்டு பாரி என்னும் கட்டிடக் கலைஞர் வரைந்தபடி 1875இல் அது திறக்கப்பட்டது. உயரமான சன்னல்கள், அகன்ற வார்டுகள் எல்லாம் இருந்தன. அவற்றோடு கட்டிடத்தின் நடுவிலேயே ஒரு சிற்றாலயமும் அமைந்தது. வழிப்போக்கரின் பாதுகாவலரும் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்தவருமான புனித கிறிஸ்தோபர் பெயரில் அது எழுந்தது. அதன் வண்ணக் கண்ணாடிகளில் ஆண்டவருடைய பிறப்பும் பிள்ளைப் பருவமும் தீட்டப்பட்டுள்ளன. ஆங்கிலத் திருச்சபையினர் கட்டியதுதான். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அங்கே மண்டியிட்டபோது நீ எந்தச் சபை என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இலண்டனில் சீமான்களின் விருந்து செய்த வேலையை உரோமை நகரில் ஒரு சிறுவர் உண்டியல் செய்தது. சால்வியாத்தி என்னும் பிரபுக் குடும்பத்தின் தாய் அரபெல்லா, நோயுற்ற ஏழைக் குழந்தைகள் பெரியவர்களின் வார்டில் படும் பாட்டைக் கண்டு வருந்தினார். பாரிஸில் உள்ளது போல் உரோமையிலும் ஒன்று வேண்டும் என்று ஏங்கினார். அவருடைய பிள்ளைகள் தங்கள் உண்டியலில் சேர்த்து வைத்திருந்த காசை அம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தக் காசே முதல் மூலதனமாக, 1869இல் திபேர் நதியோரத்துத் தெரு ஒன்றில் நான்கே கட்டில்களுடன் ஓர் அறை திறக்கப்பட்டது. புனித வின்சென்டின் பிறரன்புப் புதல்வியர் அதைக் கவனித்துக்கொண்டனர். பெயர் 'பம்பினோ ஜேசு', அதாவது குழந்தை இயேசு. பாரிஸ் மாற்றிய பெயரை உரோமை மீட்டுக் கொண்டது என்று நான் எண்ணுவதுண்டு. அடுத்த ஆண்டே இத்தாலியப் படை உரோமைக்குள் புகுந்து திருத்தந்தையின் அரசாட்சி முடிவுக்கு வந்தது. அந்தக் கொந்தளிப்பில் எத்தனையோ மறைந்தன, அந்த நான்கு கட்டில்கள் மறையவில்லை. 1887இல் சானிக்கோலோ குன்றின் மேலுள்ள புனித ஒனோபிரியோ மடத்துக்கு மருத்துவமனை பெயர்ந்தது. 1924இல் சால்வியாத்தி குடும்பத்தார் அதைத் திருத்தந்தை 11ஆம் பத்திநாதருக்கு நன்கொடையாக ஒப்புவித்தனர். அன்று முதல் அது திருப்பீடத்தின் மருத்துவமனை. 23ஆம் அருளப்பர் திருத்தந்தையாகி இரண்டு மாதம் ஆகுமுன் வந்த 1958ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளில் வத்திக்கானை விட்டு வெளியே வந்து, இங்குள்ள பிள்ளைகளைக் கட்டில் கட்டிலாகச் சென்று கண்டார். மறுநாள்தான் அவர் சிறைக் கைதிகளைக் காணச் சென்றது.

மீண்டும் இலண்டனுக்கு வருவோம். 1929இல் அங்குள்ள மருத்துவமனைக்கு மறுபடியும் இடநெருக்கடி. அருகிலிருந்த பழைய அநாதைச் சிறுவர் இல்லம் ஊரைவிட்டு வெளியேற, அந்த நிலத்தை வாங்கிவிட ஆசை. ஜேம்ஸ் பேரி என்னும் நாடக ஆசிரியரை நிதிக்குழுவில் சேரும்படி கேட்டனர். குழுவில் சேர மறுத்துவிட்டார். வேறு வழியில் உதவுகிறேன் என்றார். சொன்னபடி, வளர மறுத்த சிறுவன் 'பீட்டர் பேன்' பற்றிய தம் நாடகம், நூல் ஆகியவற்றின் உரிமை முழுவதையும் மருத்துவமனைக்கே எழுதிக் கொடுத்தார். எவ்வளவு வருகிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது ஒன்றே அவர் விருப்பம். நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டி, தொகையையும் அதன் கீழ் வெட்டும் நமக்கு இது சற்று வியப்பாய் இருக்கலாம். அவர் 1937இல் மறைந்தார். சட்டப்படி அவ்வுரிமை 1987 இறுதியில் முடிவடைய, முன்னாள் பிரதமர் காலகன் பிரபுக்கள் சபையில் முயன்று, பிரிட்டனில் அந்த நாடகத்தின் வருவாய்ப் பங்கு என்றென்றும் மருத்துவமனைக்கே சேர வேண்டும் என்று 1988இல் தனிச்சட்டப் பிரிவே இயற்றச் செய்தார்.

இனி தாய்மார் கதைக்கு வருவோம். கட்டிடம் வளர்ந்தது, மருந்து வளர்ந்தது, அறுவைச் சிகிச்சை வளர்ந்தது. ஆனால் பிள்ளையை வாசலில் ஒப்படைத்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும். 1940களின் இறுதியில் கூட இலண்டனின் பெரிய மருத்துவமனைகளில் சில வாரத்துக்கு ஓரிரு மணி நேரமே பெற்றோரை அனுமதித்தன. ஒன்றில் முதல் மாதம் முழுவதும் பார்க்கக் கூடாது. மாலை 7 முதல் 8 மணிக்குள் வந்தால் தூங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். தாய் வந்தால் தொற்று வரும், தாய் திரும்பும்போது பிள்ளை அழும், ஆகையால் வராமலிருப்பதே நல்லது என்று மருத்துவர்கள் கூறினர். நல்ல மனிதர்கள்தான், கடமை தவறாதவர்கள்தான். சிறுவர்களை ஆண்டவரிடம் கொண்டு வந்தவர்களை அதட்டியவர்களும் நல்ல மனிதர்களான அவருடைய சீடர்களே அல்லவா?

பிள்ளை சில நாள் அழுது ஓய்ந்து அமைதியாகும். பழகிவிட்டது என்று தாதியர் மகிழ்வர். அந்த அமைதி நலத்தின் அடையாளம் அன்று என்று சொன்னவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் சமூகப் பணியாளர். 1952இல் அவர் ஒரு திரைப்படம் எடுத்தார். நடிகர் இல்லை, கதை இல்லை. குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியை நாள்தோறும் படம் பிடித்ததுதான். அவள் அதிகம் அழவில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு, தன் பொம்மையைப் பிடித்தபடி, அம்மா எங்கே என்று இடையிடையே கேட்டாள். அம்மா வந்தபோதோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருத்துவர் சங்கத்தில் அதைத் திரையிட்டபோது பலர் சினந்தனர். எங்கள் வார்டில் இப்படி இல்லை என்றனர். தங்கள் வார்டுக்குத் திரும்பியவர்களில் சிலருக்கு அங்கே அந்த முகமே தெரிந்தது. நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் மருத்துவர் 1920களிலிருந்தே தாயையும் சேயோடு தங்க வைத்து வந்தார். தடுக்கப்பட்ட பிள்ளைகளின் முகம் திரையில் தெரிந்த பிறகுதான் அவருடைய வழியின் அருமை நாட்டுக்கு விளங்கியது. 1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் எந்நேரமும் பிள்ளையைப் பார்க்க விட வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு தாய் தங்க ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நடைமுறைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. பெற்றோரே சங்கம் அமைத்துப் போராட வேண்டியிருந்தது.

நம் நாட்டு அரசு மருத்துவமனைகளின் கூட்டத்தையும் நெருக்கடியையும் எத்தனையோ குறை சொல்கிறோம். ஆனால் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய் அங்கே எப்போதும் உண்டு. இடவசதி இல்லாமையால் வந்த வழக்கமோ, தாயைப் பிரிக்க மனம் வராததோ, எதுவாயினும் வெள்ளையர் நூறாண்டு கழித்துக் கண்டுபிடித்ததை நம் பாட்டிமார் சோற்று வாளியோடு போய்ச் செய்துகொண்டிருந்தார்கள்.

கிரேட் ஆர்மண்ட் தெருவின் 1875ஆம் ஆண்டுக் கட்டிடமும் முதுமை அடைந்தது. 1987இல் மக்களிடம் 3 கோடிப் பவுன் கேட்டு நிதி திரட்டத் தொடங்கினர். இரண்டே ஆண்டில் 5 கோடியே 40 இலட்சம் சேர்ந்தது. பழைய வார்டுகளை இடிக்க வேண்டும், சரி. நடுவிலிருந்த சிற்றாலயத்தை என்ன செய்வது? இடிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதன் அடியில் காங்கிரீட்டுத் தளம் ஒன்றை வார்த்து, தூண்களும் வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளுமாக முழு ஆலயத்தையும் அப்படியே நகர்த்திப் புதிய கட்டிடத்துக்குப் பக்கத்தில் கொண்டு சேர்த்தார்கள். மருத்துவமனை தொடங்கிய அதே பிப்ரவரி 14ஆம் நாள், 1994இல், இளவரசி டயானா புதிய கட்டிடத்தையும் ஆலயத்தையும் திறந்து வைத்தார்.

அதற்குப் பின்னும் கட்டிடங்கள் எழுந்தன. அங்கே 2012இல் திறக்கப்பட்ட சிகிச்சைக் கட்டிடத்தில் பெரிய பொது வார்டுகளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் தனித்தனி அறைகள் அமைத்தார்கள். ஒவ்வோர் அறையிலும் நோயாளிச் சிறுவனுக்கு ஒரு கட்டில். அதன் அருகே, பகலில் மடித்து வைத்து இரவில் விரித்துக்கொள்ளும் இன்னொரு கட்டில், தாயோ தகப்பனோ படுத்துக்கொள்வதற்கு.